முன்கம்பு

– பேசுங்க மாமா. பேச்சு நின்னுபோச்சு. பேச்சு நின்னா காலும் நிக்கணும்னு ஓட்டம் பழக்குற ஹக்கீம் பாய் சொன்னாரா, இல்லையா?

– சொன்னாரு. இப்ப... வளைவுல ஏத்தம்.

– போடிமெட்டுக்கு ஏறுற ரோட்டுல ஏத்தம் இல்லாம வேற என்ன இருக்கும்? முழுசா ஒண்ணு சொல்லுங்க பாப்போம். நடுவுல மூச்சு வாங்கக்கூடாது, சொல்லிட்டேன்.

– என் பேரு பிரபாகரன். வயசு முப்பத்தெட்டு. பொண்டாட்டி பேரு கலையரசி. ஸ்கூட்டர்ல சொகுசா உக்காந்துக்கிட்டு கூடவே வந்து என் உசுர வாங்குறா.

– ம். இது தேவலாம். சொகுசாமே! மனுசன் நடக்குற வேகத்துல வண்டி ஓட்டிப் பாருங்க, அப்பத் தெரியும். கை ரெண்டும் மரத்துப் போச்சு. மேல இருந்து பஸ்சு வேற வருது. ஓரமா வாங்க.

– ஓரமாத்தான் வர்றேன். இது எத்தனாவது வளைவு?

– நாலு. போர்டுல போட்டிருக்குல்ல. மூஞ்சி ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? நெஞ்சு எதுவும் பண்ணுதா?

– அதெல்லாம் ஒண்ணுமில்ல.

– இந்த "அதெல்லாம் ஒண்ணுமில்ல" மட்டும் மூச்சு வாங்காம வந்துருது.

– பழகிப்போச்சு கலை.

– முந்தி ஜிம்முல இரும்பத் தூக்குறப்பவும் இதே மாதிரிதான். மூச்சப் பிடிச்சுக்கிட்டு, கண்ணு ரெண்டும் வெளிய வந்து விழுகுற மாதிரி நிப்பீங்க. கல்யாணமான புதுசுல உங்க போட்டியப் பாக்க வந்துட்டு நான் அழுதுட்டேன். ஞாபகம் இருக்கா?

– மதுரையில. இருநூத்தி நாப்பத்தஞ்சு கிலோ. எல்லாரும் கை தட்டுறாங்க, நீ மட்டும் ஒப்பாரி வைக்கிற.

– பின்ன? பக்கத்துல இருந்த அண்ணங்கிட்ட, இவரு மூச்ச எப்பதான் விடுவாருன்னு கேட்டேன். கீழ வச்சதும் விடுவாரு தங்கச்சின்னாரு.

– அதுதான் அதுல வித்தை. மூச்ச உள்ள வச்சு வயித்த இறுக்குனாத்தான் முதுகு நிக்கும். ஏழு செகண்டு. அம்புட்டுத்தான் சோலி. இதுல எங்க? ஒரு மணி நேரமா மூச்சு வாங்கிக்கிட்டே இருக்கணும்னா... இருபது வருசமா பிடிச்சே பழகுனவனுக்கு... விடத் தெரியல.

– மெதுவா, மெதுவா. இப்ப வளைவு இல்ல, நேர் ரோடுதான். எதுக்கு இந்த ஓட்டம்?

– நீயும் எட்டு மாசமா கேட்டுட்ட.

– நீங்களும் எட்டு மாசமா சொல்லல. மொதல்ல வயித்தக் குறைக்கன்னீங்க. அப்புறம் டிசம்பர்ல மூணாறு பக்கம் ஏதோ ஓட்டப் பந்தயம்னீங்க. நூத்திப் பன்னெண்டு கிலோ எண்பத்தொன்பது ஆயிருச்சு. உங்க சட்டையெல்லாம் பிரிச்சுத் தச்சே என் மிஷின் தேஞ்சுபோச்சு.

– பழைய கை இல்லையேன்னு வருத்தமா?

– இருக்காதா? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அந்தக் கையப் பாத்துத்தான தலைய ஆட்டுனேன். மூஞ்சிய அப்புறமாத்தான் பாத்தேன்.

– அடிப்பாவி.

– சிரிக்காதீங்க, மூச்சு போகும். ஜீப்பு வருது பின்னால. ஓரம், ஓரம்!

– ஏய் கலை! உம் புருசன் ஏறுனா ஸ்கூட்டர் டயரு வெடிச்சிருமா? பாவம், எறக்கிவிட்டு ஓட விடுற!

– போங்க சூர்யகலாக்கா! காடு வெளுத்துப்போச்சு, வெரசா போயி ஏலக்கா எடுங்க!

– ஜிம்மு மாஸ்டரே, வர்றீங்களா? பதினாறு பேரு இருக்கோம், உங்கள ரெண்டாளாச் சேத்துப் பதினெட்டுன்னு வச்சுக்குறோம்!

– நீங்க போங்கக்கா... நான் மெட்டுக்கு வந்து... டீ வாங்கித் தாறேன்!

– பாருங்க, போயிட்டாங்க. சிலமலையில இருந்து கிளம்பி, இந்தக் குளிர்ல ஜீப்புக்குப் பின்னால தொங்கிக்கிட்டு எஸ்டேட்டுக்குப் போற பொம்பளைங்க. அவங்களுக்குக்கூட உங்களப் பாத்தாப் பாவமா இருக்கு.

– அந்த அக்கா பொதிய முதுகுல வச்சுக்கிட்டு ஒரு மலை ஏறும் கலை. அம்பது கிலோகூட இருக்காது ஆளு. எங்க ஜிம்முல ஒருத்தனாலயும் முடியாது. நான் அத இப்பத்தான்... தெரிஞ்சுக்கிட்டேன்.

– இப்ப இல்ல. ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டீங்க.

– ...

– பேச்சு நின்னுபோச்சு மாமா.

– ...

– மாமா! மூச்ச விடுங்க! காலு மட்டும் ஓடுது, மூச்சப் பிடிச்சுக்கிட்டீங்க. விடுங்கன்றேன்ல!

– விட்டுட்டேன். விட்டுட்டேன். கத்தாத. கொரங்கெல்லாம் பாக்குது.

– பாத்துட்டுப் போகுது. நில்லுங்க, தண்ணி குடிங்க.

– நின்னா மறுபடி எடுக்கிறது கஷ்டம். பாட்டில இப்படியே குடு.

– இந்தாங்க. ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லணும். நேத்து சாயங்காலம் பெட்ரோல் போட சீட்டத் தூக்குனேன்.

– சரி.

– கீழ ஒரு கவரு இருந்துச்சு. தேனியில எடுத்த ரிப்போர்ட்டு. தேதி மூணு வாரத்துக்கு முன்னாடி.

– அது... சும்மா ஒரு செக்கப்பு.

– சும்மாவா? படிச்சவதான் நானும். இருதயப் படத்துல சுவரு தடிச்சிருக்குன்னு போட்டிருக்கு. டாக்டர் கையால எழுதியிருக்காரு. மெல்ல ஓடலாம், நடக்கலாம், பாரம் மட்டும் தூக்கவே கூடாதுன்னு ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்காரு. ராத்திரி பூரா உங்க மூச்சையே கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன்.

– இருபது வருசம் இரும்பு தூக்குனா தடிக்கத்தான் செய்யும்னாரு. ஓட ஓட சரியாகும்னாரு. அதான் ஓடுறேன்ல.

– ஓடுறத நான் கேக்கல. நாளைக்கழிச்சு ஞாயித்துக்கிழமை. அதக் கேக்குறேன்.

– ஞாயித்துக்கிழமைக்கு என்ன?

– என்னத் தெரியாதவளா நினைக்காதீங்க. என் தங்கச்சி சுஜிதாவுக்கு ஒம்பது மாசம். காலு வீங்கிப்போயி கெடக்கா. ரோடு இல்லாத காரிப்பாறையில இருந்து அவளால நடந்து இறங்க முடியாது. ஞாயித்துக்கிழமை மூங்கில்ல டோலி கட்டிக் கீழ குரங்கணிக்குக் கொண்டு வர்றாங்க. அம்மா போன்ல சொல்லிருச்சு.

– கருத்தம்மா அத்தை வேற என்ன சொன்னாங்க?

– மூத்த மாப்ள முன்கம்பு நான்தான் பிடிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாராம்னு சொல்லுச்சு. பெருமையாச் சொல்லுது அது.

– அதுல என்ன இருக்கு? ஒம்பது கிலோமீட்டரு. ஆறு பேரு. இப்ப நான் பழைய ஆளில்ல. பாரு, எட்டாவது வளைவு வந்திருச்சு, பேசிக்கிட்டுத்தான வர்றேன்?

– பாரம் தூக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கு!

– ஒரே ஒரு தடவ.

– ஒரு தடவக்கே போயிட்டீங்கன்னா? அவளக் கொண்டு வர்ற டோலியில உங்களயும் சேத்துக் கொண்டு வரவா?

– கலை, வாயில நல்ல வார்த்தை வரட்டும்.

– எங்க இருந்து வரும்? அங்க ஆளா இல்ல? காரிப்பாறையில பொறந்த பயலுக, ஒவ்வொருத்தனும் கம்பு மாதிரி இருக்கான், கெழங்கு மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுறான். அவங்க தூக்கட்டும்.

– அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? பொங்கலுக்குப் போயிருந்தோம்ல. உங்க சித்தப்பா மகன் சூர்யபிரகாஷ் சொல்றான், மச்சான், இனி டோலி தூக்குனா நீங்க முன்னால கைய வீசிட்டு நடங்க, போட்டோ நல்லா இருக்கும்ங்கிறான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

– அவன் ஒரு கூறுகெட்டவன். அவன் சொன்னதுக்கா எட்டு மாசமா ஓடுறீங்க?

– அவன் சொன்னதுக்கு இல்ல.

– பின்ன?

– விடு.

– விடமாட்டேன். பேசிக்கிட்டேதான் ஓடணும். ஹக்கீம் பாய் ரூலு. அன்னைக்கு நடந்தத நீங்க ஒருதடவகூட வாயத் திறந்து பேசுனதில்ல. இப்பப் பேசுங்க. இல்ல, நில்லுங்க.

– பேசுனா என்ன ஆகும்?

– மூச்சு வெளிய வரும்.

– ...சரி. ஐப்பசி மழை. தீபாவளி முடிஞ்சு மூணாம் நாளு. உங்கப்பா கண்ணுச்சாமி மாமா நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு. உனக்குத் தெரியும்ல இதெல்லாம்.

– எனக்குத் தெரிஞ்சது எனக்கு. உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க.

– போர்வைய மூங்கில்ல கட்டுனாங்க. முன்னால யாருன்னு வந்தப்ப எல்லாரும் என்னத்தான் பாத்தாங்க. இறக்கத்துல முன்கம்புக்குத்தான் கனம் அதிகம். அதனால பலசாலி பிடிக்கட்டும்னாங்க. எனக்கு... அந்த நேரத்துலயும் உள்ளுக்குள்ள ஒரு பெருமை கலை. மாமா வலியில கெடக்காரு, எனக்குப் பெருமை.

– மெதுவா. மூச்சு வாங்கிக்கோங்க.

– நூறு அடிக்கு ஒருதடவ தோள் மாத்தணும், ஆள் மாத்தணும். அது அவங்க வழக்கம். மாத்துங்கண்ணேன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. நான் குடுக்கல. இருநூத்தி நாப்பத்தஞ்சு தூக்குனவன்டா, இது என்ன, பாதிக்குப் பாதிகூட இல்லன்னேன். மாமாகூடச் சிரிச்சாரு. தலைக்கு மேல கம்ப ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, ஆட்டாமப் போங்க மாப்ளேன்னாரு.

– ஆமா. வலது கையி. மோதிரம் போட்ட கையி.

– நீ பக்கத்துலயே நடந்து வந்த. குடையப் பிடிச்சுக்கிட்டு.

– ம்.

– ஓடை வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல. ஓடையத் தாண்டுனதும் திடீர்னு கனம் கூடிருச்சு. எனக்கு எடை தெரியும் கலை. கண்ண மூடிக்கிட்டுத் தூக்குனாக்கூட ஒரு தட்டு கூட வச்சா சொல்லிருவேன். பதினஞ்சு, இருபது கிலோ ஏறுன மாதிரி இருந்துச்சு. ஒரே நொடியில.

– ...

– இப்ப நீ பேச மாட்டேங்கிற.

– கேக்குறேன். சொல்லுங்க.

– கனம் எப்படி நடுவுல கூடும்? இரும்பா இருந்தாலும் மனுசனா இருந்தாலும் அது பாட்டுக்குத்தான இருக்கும்? அப்பத்தான் தெரிஞ்சுச்சு, எனக்குத்தான் பலம் போயிருச்சுன்னு. ஏழு செகண்டு பலம். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. அப்பவும் வாயத் திறந்து ஆள் மாத்துங்கன்னு சொல்லல. மூச்சப் பிடிச்சேன். முந்நூறு அடி போயிருப்பேன். பலாமரத்தடியில தொடை ரெண்டும் ஆட ஆரம்பிச்சு... விழுந்தேன். கம்பு முறிஞ்சுபோச்சு.

– போதும் மாமா.

– இரு, முடிச்சிடுறேன். வேற மூங்கில் வெட்டிக் கட்ட இருபது நிமிசம். குரங்கணியில ஆம்புலன்சுக்காரரு பாத்துட்டு, கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்ணேன்னாரு. கொஞ்சம் முன்னாடின்னா எம்புட்டு? இருபது நிமிசந்தான? அந்த இருபது நிமிசத்த நான்தான கலை தின்னேன்?

– அவரு ஏதோ பேச்சுக்குச் சொன்னாரு.

– நீ ஒரு வார்த்தை என்ன வையல. அதான் தாங்கல எனக்கு. எங்கப்பாவக் கொன்னுட்டியேடான்னு கத்தியிருந்தா அழுது தீத்திருப்பேன். நீ சோறு போட்டே, துணி துவச்சே, மூஞ்சிய மட்டும் பாக்கல.

– நீங்க பாத்தீங்களா என் மூஞ்சிய?

– எப்படிப் பாப்பேன்?

– ஜிம்ம மூணு மாசம் பூட்டி வச்சீங்க. வாங்குன கப்பையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டீங்க. நான் கேட்டேனா, ஏன்னு?

– கேக்கலதான். பன்னெண்டாவது வளைவு. காத்து அடிக்குது பாரு. ஏலக்கா வாசம் வருது.

– பேச்ச மாத்தாதீங்க. ஞாயித்துக்கிழமை நீங்க போகக்கூடாது.

– போவேன். சுஜிதாவ நான்தான் இறக்கிக் கொண்டு வருவேன். ஒரு தடவகூட வைக்காம, ஒம்பது கிலோமீட்டரும். பிள்ளையும் தாயும் கீழ வந்து சேரணும். அதுக்கப்புறம் டாக்டர் சொல்றதக் கேக்குறேன். உங்கப்பாமேல சத்தியம்.

– அப்பாவ இழுக்காதீங்க!

– நீ ஏன் அழுகுற? கண்ணத் தொடை, வண்டி ஆடுது. அங்கிட்டுப் பள்ளம்.

– மாமா, டோலியில போறப்ப நடுவழியில ஒருத்தரு போயிட்டா காரிப்பாறையில என்ன பண்ணுவாங்க?

– இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

– சொல்லுங்க.

– திருப்பி மேல கொண்டு போயிருவாங்க. உசுரு போனதுக்கப்புறம் கீழ இறக்கக் கூடாதும்பாங்க. பின்கம்பு முன்கம்பா ஆயிரும். இதெல்லாம் உனக்குத் தெரியாதா, உங்க ஊருதான?

– தெரியும்.

– பின்ன ஏன் கேக்குற?

– நான் உங்ககிட்ட ஒண்ண மறைச்சு வச்சிருந்தா என்ன பண்ணுவீங்க?

– மிக்சர் டப்பாவத்தான? அரிசிப் பானைக்குப் பின்னாடி. எனக்கு எப்பவோ தெரியும்.

– விளையாடாதீங்க. என்ன விட்டுட்டுப் போயிருவீங்களா?

– என்ன பேச்சு பேசுற நீ காலங்காத்தால? ஏய், எதுக்கு வண்டிய நிறுத்திட்ட? கலை?

– நீங்களும் நில்லுங்க.

– நான் இன்னும் பேசிக்கிட்டுத்தான இருக்கேன். எம் பேச்சு நிக்கலையே.

– எம் பேச்சு நின்னுபோச்சு மாமா. ரெண்டு வருசமா நின்னு கெடக்கு. அதனாலதான் நீங்க ஓடிக்கிட்டே இருக்கீங்க.

– என்ன சொல்ற? ஒண்ணும் புரியல. ஸ்டாண்டு போடு. இந்தக் கல்லுல உக்காரு.

– கையக் குடுங்க. நாடியப் பாக்கணும்.

– எனக்கு ஒண்ணுமில்ல. நல்லா அடிக்குது பாரு.

– அடிக்குது. வேகமா அடிக்குது. நல்லா இருக்கு. இப்படியே பிடிச்சிருக்கேன். விடச் சொல்லாதீங்க.

– சொல்லல. நீ மொதல்ல மூச்ச விடு. நீதான் இப்பப் பிடிச்சுக்கிட்டு இருக்க.

– அன்னைக்குக் கனம் எங்க கூடுச்சு? மறுபடி சொல்லுங்க.

– ஓடையத் தாண்டுனதும். எத்தன தடவ சொல்ல வைப்ப?

– எடையில நீங்க தப்பே பண்ணமாட்டீங்கல்ல?

– அன்னைக்குப் பண்ணுனேன். சொன்னேன்ல, கனம் நடுவுல கூடாது. பலந்தான் போச்சு.

– இல்ல மாமா. கூடுச்சு. நீங்க தப்பு பண்ணல. ஓடையத் தாண்டுனதும் அப்பா கை கம்ப விட்டுருச்சு. தொட்டேன், நாடி இல்ல. ஒடம்பு பூரா உங்க பக்கம் சரிஞ்சிருச்சு. சொன்னா அம்மாகிட்டயே மேல திருப்பிக் கொண்டு போயிருவீங்கன்னு, கீழ போனா யாராவது எழுப்பிருவாங்கன்னு, அந்தக் கைய எடுத்துப் போர்வைக்குள்ள வச்சு, இப்ப உங்க கையப் பிடிச்சிருக்க மாதிரிப் பிடிச்சுக்கிட்டு, நீங்க பலாமரத்தடியில விழுகுற வரைக்கும், விழுந்ததுக்கு அப்புறமும், ஒருத்தர்கிட்டயும் சொல்லாம நடந்து வந்தவ நான்.